கல்லறைக்கு நடுவே ஒரு சுவர்

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் வாசகம் வாசிப்பவள் நான். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. வாசித்துவிட்டு இறங்கினால் யாராவது ஒருவர், "என்னா கொரலு டீச்சர் உங்களுக்கு!" என்பார். என்ன வாசித்தேன் என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்.

சில வருடங்களுக்கு முன், தவக்காலத்துப் புதன்கிழமைகளில் வேதாகம வகுப்பு எடுக்கும்படி பங்குச்சாமியார் கேட்டார். நான் எடுத்துக்கொண்டது, சிறைபிடிக்கப்பட்டு அந்நிய நாட்டு ஆற்றங்கரையில் குடியிருந்த ஓர் எபிரேய இறைவாக்கினரின் கதை. உன் ஜனங்களிடம் போய்ச் சொல் என்று கடவுள் அவரை அனுப்புகிறார். அனுப்பும்போதே, அவர்கள் கேட்கமாட்டார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். கேட்பதும் கேட்காததும் அவர்கள் பாடு. சொல்லவேண்டியது உன் பாடு. சொல்லாமல் விட்டால் பழி உன்மேல்.

ரெட்டியார்பாளையத்துப் பெரிய மனிதர்களில் பாதிப்பேர் வகுப்புக்கு வந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். தலையாட்டினார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு காண்டிராக்டர் பெருமூச்சுவிட்டார். "அந்தக் காலத்து ஜனங்க ரொம்ப மோசம் டீச்சர். கடவுளே ஆள் அனுப்பியும் கேக்கலன்னா என்னா திமிரு!"

அடுத்த புதன்கிழமை நான் எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேசினேன்.

அதன் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர் ஓடுகிறது. ரோட்டைப் பார்த்த வாசல் எங்கள் சாதியின் பிணங்களுக்கு. பின்னால், வாய்க்காலை ஒட்டிய சின்ன வாசல் தலித் கிறிஸ்தவர்களுக்கு. கோயிலுக்குள் ஒரே பெஞ்சில் உட்கார எப்படியோ பழகிவிட்டோம். மண்ணுக்குள் போன பிறகுதான் எங்களுக்குத் தீட்டுப் பயம் வந்துவிடுகிறது. அந்தச் சுவரை இடிக்காமல் எந்த முகத்தோடு உயிர்ப்பு ஞாயிறு கொண்டாடப்போகிறோம் என்று கேட்டேன்.

அதற்கடுத்த வாரம் வகுப்பில் பாதி நாற்காலிகள் காலி.

கோயில் கமிட்டியின் செயலாளர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். பிரெஞ்சுச் சொல்லால் ஊரில் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள்; நேரில் பேசினால் மரியாதையாக முசியே. சமத்துவம் என்ற சொல்லைப் பள்ளிக்கூட வாசலில்கூடச் செதுக்கி வைத்திருக்கும் நாட்டில் இளமை முழுவதையும் கழித்தவர். அதில் ஓர் எழுத்துகூட அவர்மேல் ஒட்டவில்லை. பூசை முடிந்ததும் என்னைத் தனியே நிறுத்தினார்.

"அது சாதிச் சுவரு இல்ல டீச்சர். மழைத்தண்ணிக்குக் கட்டுனது."

"தண்ணி எங்கேருந்து முசியே வருது?"

"வாய்க்கால்லேருந்துதான்."

"அப்ப வாய்க்கா பக்கம் இருக்கிறவங்க மெதந்தா பரவால்லியா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

சாமியாரிடம் போனேன். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி டீச்சர். ஆனா எனக்கு அடுத்த வருஷம் மாற்றல் வருது" என்றார். உண்மையையும் மாற்றல் உத்தரவையும் ஒரே மூச்சில் அவரால் சொல்ல முடிந்தது.

கடைசி வகுப்பில், கடவுள் அந்த இறைவாக்கினரிடம் பின்னால் சொன்ன ஒன்றை எடுத்தேன். ஜனங்கள் உன்னிடம் கூட்டமாக வருவார்கள், இனிய குரலில் பாடுகிறவனின் பாட்டைக் கேட்பதுபோல உன் பேச்சைக் கேட்பார்கள், அதன்படி எதுவும் செய்யமாட்டார்கள். இதைச் சொல்லி முடித்ததும் என் எதிரில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு விளக்க என்னிடம் எதுவும் இல்லை.

எல்லா வாரமும் தவறாமல் வந்தவர் ஒரு பெண் வங்கி அதிகாரி. சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம். அவருடைய அப்பா மில் தொழிலாளியாக இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அன்று வாசலில் அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "நான் செத்தா உங்க பக்கம்தான் பொதைக்கணும்னு வீட்ல சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "வேணாம் டீச்சர். எங்க பக்கம் எடமே இல்ல. பழைய குழியத்தான் மறுபடி தோண்டறாங்க. உங்க பக்கம் காலியா கெடக்குது. நீங்களும் இங்க வந்து படுத்துக்கிட்டா நாங்க எங்க போறது?"

என் தியாகத்தின் அளவு எனக்கு அப்போது தெரிந்தது.

அந்த ஐப்பசி மழையில் அவருடைய அப்பா இறந்துபோனார். வாய்க்கால் நிரம்பி அந்தப் பக்கத்துக் குழிகளில் தண்ணீர் ஊறியது. நான் அவர் வீட்டுக்குப் போய், எங்கள் குடும்பக் கல்லறையில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கே வையுங்கள் என்றேன். அவர் உள்ளே போனார். தன் தம்பிகளிடம் பேசிவிட்டு வந்து, "சரி டீச்சர்" என்றார்.

மறுநாள் சவப்பெட்டியோடு நாங்கள் ரோட்டுப் பக்கத்து வாசலுக்குப் போனபோது அது பூட்டியிருந்தது. பூட்டுக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் என் அண்ணன். பின்னால் சொல்தா. அவருக்குப் பின்னால் அந்தக் காண்டிராக்டர். சாமியார் கோயிலில் சடங்கை முடித்ததோடு உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டார்.

"தொறங்கண்ணே," என்றேன்.

"உனக்குப் பைத்தியமா? அம்மா பக்கத்துல யாரக் கொண்டாந்து வைக்கிற?"

"அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீங்க வழிவிடுங்க."

"பிரச்சன பண்ணாத. ஊரு என்னா பேசும்?"

"ஊரு பேசறதுக்கு இவங்க அப்பா என்னா பண்ணாரு?"

மழை வலுத்தது. பெட்டியைச் சுமந்திருந்தவர்கள் தோள் மாற்றினார்கள். நான் இன்னும் கத்தியிருப்பேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும் டீச்சர். அப்பாவ நனையவச்சிக்கிட்டு இவங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்க முடியாது." குரலில் அழுகை இல்லை. என் அண்ணனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அண்ணன் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனோம். வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். ஜெபம் சொல்ல ஆளில்லாததால் நானே சொன்னேன்.

வந்த ஞாயிற்றுக்கிழமை வாசகம் முடிந்ததும் நான் இறங்கவில்லை. ஒலிபெருக்கியிலேயே நடந்ததைச் சொன்னேன், யார் வாசலில் நின்றார்கள் என்பது உட்பட. யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். என் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, வகுப்பில் கத்திப் பழகியது. அதோடு வாசிக்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு கல்லூரிப் பெண் வாசிக்கிறாள். எழுத்து எழுத்தாக, யார் மனதும் நோகாமல்.

வாரந்தோறும் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் வாசலில் நின்று அந்தச் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் செருப்பு தேடுகிறார்கள், செல்போனை எடுத்துக் காதில் வைக்கிறார்கள். வங்கிக்காரப் பெண் சில வாரம் வந்து பக்கத்தில் நிற்கிறார், சில வாரம் வருவதில்லை. வராதபோது நான் ஏனென்று கேட்பதில்லை.

கமிட்டி போன கல்லறைத் திருநாளுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தது. இரண்டு பக்கமும் அடித்தார்களாம். பாரபட்சம் இல்லை என்று சொல்தா எனக்கே வந்து சொன்னார்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நான் செத்தால் குடும்பக் கல்லறையில் இடம் கிடையாது என்று தன் மகளிடம் சொல்லி அனுப்பினார். அவள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். நானே முன்பு வீட்டில் கேட்டிருந்ததுதான் அது; எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே தகவல் அதுதான். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.