பெட்டிக்கும் எனக்கும் ஒரே தட்டு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆறு வருடம் ஒரு நாயோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அதைவிடப் பெரிய முட்டாள்தனம், அதை ஒரு டாக்டரிடம் நகைச்சுவையாகச் சொன்னது.

எழுபதுகளின் கடைசி. தில்லி கன்டோன்மென்டில் ராணுவக் காவல் நாய்களுக்கு நான் ஒரு ஹேண்ட்லர் (நாயைப் பழக்கி அதோடு காவலுக்குப் போகும் சிப்பாய்). ஒரு நாய்க்கு ஒரு ஆள். என்னுடையது அல்சேஷன் பெண். அவளுக்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'பெட்டி' என்றுதான் வரும். 'பெட்டியைக் குளிப்பாட்டினேன், பெட்டிக்குக் காய்ச்சல்' என்ற என் கடிதங்களைப் படித்த தம்பி, "அண்ணனுக்கு டெல்லி வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு" என்று ஊரெல்லாம் சொன்னானாம்.

கட்டளைகள் இந்தியில் இருக்க வேண்டும் என்பது விதி. நான் தமிழில் பழக்கினேன். 'பைட்டோ' என்றால் காதைக்கூட அசைக்காதவள், "உக்காரு கண்ணு" என்றால் பொத்தென்று உட்காருவாள். பச்சை ஈரல், நுரையீரல் கொடுக்கக் கூடாது என்பதும் விதி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புளியும் புழுங்கலரிசியும் வாங்கப் போகும்போதெல்லாம், ஆட்டு நுரையீரல் ஒரு துண்டு அவளுக்காகக் கேட்டு வாங்கி வருவேன். என் தயிர்சாதத்தில் பாதி அவளுக்கு. ஊறுகாயை மட்டும் மூக்கால் என் பக்கம் தள்ளிவிடுவாள்.

"எனக்குத் தனித் தட்டு, அவளுக்கு உங்க தட்டு. சக்களத்தின்னாலும் ஒரு நியாயம் வேணாமா?" என்பாள் என் மனைவி சரோஜா.

வலது விலாவுக்குக் கீழே கனமாக இருந்தது. கல்யாணத் தொந்தி என்று நினைத்தேன். பிறகு பூட்ஸ் கட்டக் குனிய முடியவில்லை. படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஈரலில் நீர்க்கட்டி என்றார்கள் (பச்சை ஈரல், நுரையீரல் தின்ற நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் போய், ஈரலில் தங்கி, தண்ணீர்ப் பையாக வளர்வது). தேங்காய் அளவு.

டாக்டர் ஒரு மேஜர், திருச்சிக்காரர்.

"நாயோட பழக்கம் உண்டா?"

"பழக்கமா சார்? ஒரே தட்டு. பொண்டாட்டிக்கே அந்தச் சலுகை கிடையாது."

அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். என் ஜோக்கை ரசித்துத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தின் நகல் எங்கள் கால்நடை டாக்டருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது.

"இனிமே பெரிசா சிரிக்காதே, குதிக்காதே. கட்டி உள்ளே உடைஞ்சா உயிருக்கே ஆபத்து" என்றார். வாழ்க்கையில் என் சிரிப்புக்குத் தடை போட்ட முதல் டாக்டர் அவர்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய், கட்டிலுக்குக் கீழே பாட்டில். இதே நிலையில் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பச்சையும் மஞ்சளுமாக ஒழுகுவது பித்தநீர் (ஈரலில் சுரக்கும் செரிமான நீர்). பயப்படாதீர்கள். வடிவது குறையும். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. பிரச்சினை அந்த ஐந்து வாரம்தான்.

இரண்டாவது வாரம் பல்பீர் வந்தான். என்னைப் போல இன்னொரு ஹேண்ட்லர். என் இரும்புப் பெட்டியைச் சிப்பாய்கள் தங்கும் பேரக்கிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு அனுப்பிவிடச் சொல்லியிருந்தேன். அதைப் பற்றிப் பேச வந்தான் என்று நினைத்தேன்.

"பாய், 'கா லோ'வுக்கு உன் பாஷையில என்ன? மூணு நாளா வாயே திறக்க மாட்டேங்கிறா" என்றான் இந்தியில்.

"சாப்பிடு கண்ணு."

"சாப்டு கன்னு."

கன்னு என்றால் கன்றுக்குட்டி, அவள் கோபித்துக்கொள்வாள் என்று திருத்தினேன். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலிருந்து காகிதம் வந்திருக்கு. தட்டு விஷயமும் அதுல இருக்கு, வியாதி அவகிட்டேயிருந்துதான் வந்ததுன்னு பேசிக்கிறாங்க. வயசு ஒன்பதாச்சு, புது ஆளோட வேலை செய்யலைன்னா தகுதியில்லைன்னு எழுதிடுவாங்க. ஜல்தி வா."

தகுதி இழந்த நாய்க்கு அன்று ஓய்வு, வீடு என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஓர் ஊசி, அவ்வளவுதான். பல்பீர் தாழ்வாரம் முழுக்க "கண்ணு, கண்ணு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

அன்று மாலையே மேஜரைப் பிடித்தேன். "குழாயை எடுத்துடுங்க சார். டூட்டிக்குப் போகணும்."

"நான் எடுத்தா போதாது. உன் ஈரல் நிறுத்தணும்."

ஈரலிடம் ரேங்க் செல்லாது. பாட்டிலில் கோடு கிழித்து, தினமும் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தேன். ஒரு நாள் குறையும், மறுநாள் ஏறும்.

நான்காவது வாரம் சரோஜா ரசம் கொண்டு வந்தாள். டிபன் கேரியரைத் திறக்காமல் நின்றாள்.

"பெட்டி போயிடுச்சுங்க."

"போனா சனியன் விட்டுது" என்றேன். "பூட்டு சரியா மாட்டாதே, ரெண்டு உதை விட்டாங்களா?"

அவள் என்னையே பார்த்தாள். நான் விடவில்லை.

"பழசுதானே, விடு. வேற ஒண்ணு குடுப்பாங்க."

"நான் இரும்புப் பெட்டியைச் சொல்லலீங்க."

பல்பீர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு அழுதார் என்றாள். கடைசி நாள் அவர் 'சாப்பிடு கண்ணு' என்றதும் பெட்டி இரண்டு வாய் சாப்பிட்டதாம். வாயால் பிழைக்கிறவன் என்று என்னைச் சொல்வார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சும்மா படுத்திருந்தேன்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். அதோடு, அவர் எழுதும் காகிதம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் இடது பக்கம் ஒரு அடி இடம் விட்டே நடந்தேன். அவள் நடக்கும் பக்கம் அது. வலது பக்கத்தில் கட்டி எடுத்த இடம் குழிந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒல்லி ஆள்தான் நான் என்று தோன்றும்.

மூன்று மாதம் கழித்து மேஜரைப் பார்க்கப் போனேன். தையல் தழும்பை அழுத்திப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது என்றார்.

"இது என் நாய்கிட்டேயிருந்து வந்ததுதானே சார்?"

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கட்டியோட சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சிருந்துச்சு. பழைய கட்டிப்பா. பதினஞ்சு வருஷத்துக்குக் குறையாது. சின்ன வயசுல வீட்டுல ஆடு, நாய் ஏதாவது?"

"ரெண்டும் இருந்துச்சு சார்."

"அப்ப அதுதான்."

பதினைந்து வருடம். பெட்டி அப்போது பிறக்கவே இல்லை. ஆள்சேர்ப்பில் நெஞ்சை விரித்து நான் ஓடியபோது கட்டியும் உள்ளே ஓடியிருக்கிறது. தாலி கட்டும்போதும் என்னோடு மணையில் உட்கார்ந்திருக்கிறது. என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லாவற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

"சார், அந்த நாய்கிட்டேயிருந்து வரலைன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

அவர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"யார்கிட்ட காட்டப் போற?"