வளைவுப் பக்கம்
கொட்டாஞ்சேனையில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த அவர் ஈர்க்குச்சி உடம்புக்காரர். பிழையான பக்கத்தைக் கண்டால், யாருடைய புத்தகமானாலும் கிழித்துவிடுவார்.

நாற்பது வயதில் எனக்கு மொடல் ரயில் பைத்தியம் பிடித்தது. வீடியோக்களில் ஆளுக்கொன்று சொன்னதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தேன். அது நல்லதா என்று கேட்க அவரிடம் கொண்டுபோனேன். தண்டவாள வளைவு வரைந்திருந்த பக்கத்தை அவர் பிய்த்தெறிந்தார்.

“இந்த வளைவில எஞ்சின் கவிழும் தம்பி. ஓட்டிப் பாக்காதவன் எழுதினது.”

ஆத்திரத்தில் அவர் முகத்தில் ஓங்கிக் குத்தினேன். உதடு வெடித்து ரத்தம் சட்டையில் வடிந்தது. கிழிந்த பக்கத்தைப் பொறுக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து, வீம்புக்கு அதே வளைவைப் போட்டு எஞ்சினை முழு வேகத்தில் விட்டேன். அது மேசையிலிருந்து பாய்ந்து, சீமெந்துத் தரையில் இரண்டாக உடைந்தது.

மறுநாள் எஞ்சின் துண்டுகளோடு போய் மன்னிப்புக் கேட்டேன். வீங்கிய உதட்டோடு அவற்றை இரு கையாலும் வாங்கினார். என் குத்துக்குக் கலங்காத கண்கள் அப்போது நிறைந்தன.

“கோவமெண்டா எனக்கு இன்னுமொண்டு அடிச்சிருக்கலாமே தம்பி,” என்றார். “இந்த எஞ்சினுக்கு ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?”