முன் சீற்றில் மாமி

எங்கள் வீட்டுக் காரில் இரண்டு வருடமாகக் குடியிருந்தது ஒரு செங்கோழி. பின் சீற்றில் முட்டையிட்டு, அங்கேயே அடைகாத்து, குஞ்சுகளை ஸ்டியரிங்கில் ஏறி நிற்கப் பழக்கியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டையால் வன்னிக்குப் பெற்றோல் வராத காலம். வட்டக்கச்சியில் நல்ல சைக்கிள் வைத்திருந்தவரே பெரிய வாகனக்காரர்.

மாமா, அதாவது என் கணவரின் தகப்பன், காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியபோது ஓட்டிக்கொண்டு வந்த கார் அது. அவர் காலமான பிறகு கொட்டிலுக்குள் நின்றுவிட்டது. மண்ணெண்ணெயிலும் கார் ஓடும் என்று யாரோ என் கணவரின் காதில் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், சும்மா இருப்பாரா? இந்தமுறை அம்மன் கோயில் பொங்கலுக்குக் காரில்தான் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்.

எனக்கு அந்தக் காரில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று பின்னேரம் குசினியில் அரிசி கிளைந்துகொண்டிருந்த மாமி, என் முகத்தைப் பாராமலே சொன்னார்.

"பிள்ளை, எனக்கு ஒருக்கா முன்னுக்கு இருந்து போகவேணும்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து மாமி அந்தக் காரின் முன் சீற்றில் இருந்ததே இல்லையாம். முன் சீற் மாமாவின் சிநேகிதர்களுக்கு. சிநேகிதர்கள் இல்லாத நாட்களில் விதைநெல் மூட்டைக்கு. ஒருமுறை ஒரு கிடாய் ஆடுகூட முன்னுக்கு இருந்து போயிருக்கிறது. மாமி பின்னுக்கிருந்து அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாராம். இதை மகனுக்குச் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கார் ஓடியே தீரவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் சைக்கிளில் வந்தார். கோழியை எழுப்பவே அவருக்கு அரை நாள் போனது. மட்காட்டில் இருந்த நெளிவை எடுத்து, பெயின்ற் அடித்துப் புதுசாக்கிவிடலாம் என்றார். பெயின்ற் எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டதும் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நெளிவைத் தொட மாமி விடவில்லை. மகன் பிறந்த செய்தி கேட்டு ஓடிவந்த அவசரத்தில் மாமா கிணற்றுக்கட்டில் இடித்த இடம் அது. ஆகவே வெளியே பச்சை நிறம் உரிந்தபடி, உள்ளே தும்பு பிதுங்கியபடி, கார் இருந்தபடியே இருந்தது. என்ஜினை மட்டும் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். பழைய பற்றறிக்கு என்ஜினைச் சுழற்றப் பலம் கிடையாது. முன்னால் ஹான்டில் போட்டுக் கையால் சுற்றவேண்டும்.

குளிர்ந்த என்ஜின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எழுப்பி, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தக் கொஞ்சப் பெற்றோலை என் கணவர் எங்கேயோ மன்றாடி வாங்கிவந்து, ஒரு மருந்துப் போத்தலில் விட்டு, சீலைத்துணியைச் சுருட்டி அடைத்து, பேனையால் ஒரு கோடும் கீறி, சாமித்தட்டில் வைத்தார். விளக்குக்குப் பக்கத்தில் பெற்றோலா என்று நான் கத்திய பிறகு போத்தல் அலுமாரிக்கு மேலே போனது.

மூன்றாம் நாள் பெற்றோல் கோட்டுக்குக் கீழே நின்றது. வீட்டில் இருந்ததோ மூன்றே பேர். சேலையில் பட்ட கறையை எடுக்க நான்தான் பாவித்தேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் எரிந்து விழுந்தேன். அடுத்தடுத்த நாட்களில் பாதிக்கும் கீழே இறங்கியது. வருடம் தவறாமல் எட்டாம் வகுப்புக்கு ஆவியாதல் படிப்பிக்கிற மனுசனுக்குத் தன் வீட்டு அலுமாரியில் நடப்பது விளங்கவில்லை. இருந்த கோபத்தில் எனக்கும் அது புத்தியில் படவில்லை. நான்கு நாள் நாங்கள் மாமியைக் கொண்டுதான் கதைத்தோம். எனக்குப் பக்கத்தில் இருக்கிறவரிடம் சாப்பிட வரச் சொல்லும்படி, முற்றத்தில் நின்ற மாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பொங்கலுக்கு முதல்நாள் பார்த்தால் பெற்றோல் சரியாகக் கோட்டில் நின்றது. களவெடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டேன் என்று நினைத்து, அவர் என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார். நல்ல நாளும் அதுவுமாக அந்த முகத்தில் ஒன்றும் எறியக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பொங்கலன்று காலை மெக்கானிக்கும் வேட்டி கட்டி வந்துவிட்டார். பெற்றோலை விட்டார்கள், ஹான்டிலைச் சுற்றினார்கள். கார் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. மாறிமாறிச் சுற்றி இரண்டு பேரின் வேட்டியும் அவிழ்ந்ததுதான் மிச்சம். கடைசியில் மெக்கானிக் வெறும் போத்தலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் என்றார். எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பியது.

"நான்தான் தம்பி விட்டனான்" என்றார், பட்டுச்சேலையோடு நின்ற மாமி. "குறைஞ்சுபோச்செண்டு ரெண்டுபேரும் சண்டை பிடிச்சியள். கைவிளக்கிலையிருந்து கொஞ்சம் ஊத்தி நிரப்பினனான்."

எனக்குக் கோபமே வரவில்லை. பாவம், எங்களைச் சேர்த்துவைக்கப் போய்த் தன் முன் சீற்றையே கெடுத்துக்கொண்டு நின்றார். நடந்து போவோம் என்று அவர் செருப்பைத் தேடத் தொடங்கவும், நான் என் கணவரிடம் நேரே கதைத்தேன். நெல் குத்துகிற மில்காரரிடம் மோட்டார்சைக்கிள் இருக்கிறது, காலில் விழுந்தாவது கொஞ்சம் பெற்றோல் வாங்கி வாருங்கள் என்றேன். என்மேல் வீண்பழி போட்ட மனுசன், மறுபேச்சில்லாமல் சைக்கிளை எடுத்தார்.

அவர் கொண்டுவந்தது ஒரு மூடியளவுதான். இரண்டாம் சுற்றில் கார் எழும்பியது. ஒழுங்கை முழுக்கப் புகை, நாய்கள் திக்குக்கொன்றாக ஓடின. என்ஜின் சத்தம் கேட்கவேண்டும் என்று சொல்லி மெக்கானிக் தான் ஏற முன்கதவைத் திறந்தார். பின்னுக்கு இருந்தாலும் காது கேட்கும் என்று நான் அதைச் சாத்தினேன். மாமி முன்னுக்கு ஏறினார். வாய்க்கால் றோட்டால் போன நாலு மைலும் எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

கோயிலடியில் காரை நிற்பாட்ட வழியில்லை. நின்றுபோனால் மறுபடி எழுப்ப ஒரு சொட்டுப் பெற்றோல் கிடையாது. என் கணவர் அக்சிலேற்றரில் வைத்த காலை எடுக்காமல் இருந்தார். நானும் மெக்கானிக்கும் அர்ச்சனைத் தட்டோடு இறங்கினோம். மாமி இறங்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்திட்டு என்னம்மா, இறங்கிக் கும்பிடுங்கோவன்" என்றார் மகன்.

மாமி இருந்த இடத்திலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டார்.

"உன்ரை அப்பர் உயிரோடை இருக்கேக்கை நான் ஒருநாளும் முன்னுக்கு இருக்கேல்லை, தம்பி. கேட்டிருந்தால் ஏத்தியிருப்பார். நான் கேக்கேல்லை."

என் கணவர் அக்சிலேற்றரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நாங்கள் அர்ச்சனை செய்துவிட்டு வெளியே வந்தபோது காரைக் காணவில்லை. குளக்கட்டுப் பக்கம் புகை போனதாகச் சொன்னார்கள். நானும் மெக்கானிக்கும் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

பின்னேரம்தான் கார் வந்தது, மண்ணெண்ணெய் முடிந்து, ஒரு மாட்டுவண்டிலுக்குப் பின்னால் கட்டி இழுபட்டபடி. என் கணவர் ஜன்னலுக்குள்ளால் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். மாமி இன்னும் முன் சீற்றில்தான் இருந்தார்.