பேஸ்டிங் ஹாலில் பச்சை விளக்கு

அமிர்தவள்ளிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ஆம்பூரில் அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். அவள் கத்தினால் கவலையில்லை. மெதுவாகப் பேச ஆரம்பித்தால், எதிரில் நிற்பவர் பாடு கஷ்டம்.

பேஸ்டிங் ஹாலில் அவள் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தில் கம் தடவி அடிப்பாகத்தை ஒட்டும் இடம் அது. அந்தக் கம் வாடை தலைக்கு ஏறும். அதற்காகவே சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்களும், காற்றில் விஷம் ஜாஸ்தியானால் சிவப்பு விளக்கு எரிந்து சைரன் அடிக்கும் மீட்டரும் வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவள் வேறு ஒரு இடத்தின் காற்றைப் பார்த்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு விண்வெளி நிலைய விளையாட்டு. ஒருவர் டாக்டர், ஒருவர் சமையல்காரர், ஒருவர் கேப்டன். அமிர்தவள்ளி காற்று மெக்கானிக். அங்கே ஒவ்வொரு அறையின் சுவரிலும் ஒரு பெட்டி இருக்கும். ஆக்ஸிஜன் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, விஷவாயு கலந்திருக்கிறதா என்று அது காட்டும். எங்காவது குழாய் உடைந்தால் ஓடிப்போய் அடைத்து, கெட்ட காற்றை உறிஞ்சி, நல்ல காற்றை நிரப்ப வேண்டும். நிலையத்தில் இருப்பவர்களின் உயிர் அவள் கையில். அந்தப் பொறுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவன் காஷிஃப். அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ரம்ஜானுக்கு அவன் வீட்டுப் பிரியாணி முதலில் வருவது அவள் வீட்டுக்குத்தான்.

ஒரு வியாழக்கிழமை ஹாலில் ரஃபத் ஜஹான் மயங்கி விழுந்தாள். கம் பிரஷ் கையில் இருந்தபடியே சரிந்தாள். ரேக்கின் இரும்பு முனை நெற்றியைக் கிழித்தது. சில வாரங்களாகவே பெண்கள் தலைவலி, குமட்டல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபேன்களில் ஒன்று ஓடவே இல்லை. ஆனால் மீட்டரில் பச்சை விளக்குதான் எரிந்தது. மேனேஜர் புகழேந்தி வந்து பார்த்தார்.

"காலைல சாப்பிடாம வந்திருப்பா. மீட்டர் பச்சையாத்தானே இருக்கு? மூக்க நம்பாதீங்கம்மா, மீட்டர நம்புங்க."

அமிர்தவள்ளி நம்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் காஷிஃப் கேப்டன். அவள் நிலையத்தின் ஒரு கோடியில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று மருத்துவ அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்து விழுந்தார்கள். அவள் திரையில் அந்த அறை பச்சை. ஓடிப்போய்ச் சுவர்ப் பெட்டியைத் திறந்தாள். அறை முழுக்க விஷவாயு. ஆனால் எச்சரிக்கைக்கான அளவை யாரோ எட்டவே முடியாத உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். எவ்வளவு விஷம் வந்தாலும் பெட்டி வாயைத் திறக்காது.

"யார்டா இந்த லிமிட்ட ஏத்துனது?"

ஹெட்செட்டில் காஷிஃப் விழுந்து விழுந்து சிரித்தான். "நான்தான்க்கா. சைரன் சும்மா கத்திக்கினே இருந்துச்சு, பேஜாரா போச்சு. ஏத்தி வுட்டேன், கப்சிப். கம்பெனில செஞ்ச பழக்கம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. சிரிப்பு நின்றது. அமிர்தவள்ளி ஹெட்செட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் அவனை மறித்தாள்.

"பேஸ்டிங் ஹால் மீட்டரா?"

"மெல்ல பேசுக்கா."

"மெல்லத்தான் பேசறேன். சொல்லு."

"ஃபேன் மோட்டார் எரிஞ்சி போச்சு. புதுசு வர்ற வரைக்கும் மீட்டர் லிமிட்ட ஏத்தி வையின்னு புகழேந்தி சார்தான் சொன்னாரு. சைரன் அடிச்சா லைன் நின்னுடுது, ஆர்டர் போய்டும்னாரு. நான் இன்னா பண்றது?"

"ரஃபத் விழுந்தப்ப நீ ஸ்ட்ரெச்சர் புடிச்ச. அப்பகூட வாயத் தொறக்கல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்கூட உக்காந்து காத்து, காத்துன்னு பேசுவியே, எங்களுக்கு நெஜமாவே மூச்சு இருக்குன்னு உனக்குத் தோணவே இல்லையாடா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"இப்பவே போய் லிமிட்ட இறக்கு."

"வேலை போய்டும்க்கா."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. ஹாலுக்குள் போனாள். ஷூக்கள் நகரும் கன்வேயர் லைன் ஓட ஆரம்பித்திருந்தது. நெற்றியில் பிளாஸ்திரியோடு ரஃபத் ஜஹான் அன்றுதான் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றிருந்தாள். அதைப் பார்த்ததும் அமிர்தவள்ளியின் காதெல்லாம் சூடாகியது. கன்வேயரின் சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அறைந்தாள். லைன் நின்றது.

"எல்லாரும் வெளிய வாங்க. அந்த மீட்டர் பொய் சொல்லுது."

புகழேந்தி ஓடி வந்தார். "யார் லைன நிறுத்துனது? அமிர்தவள்ளி, பைத்தியமா உனக்கு?"

"லிமிட்ட ஏத்தச் சொன்னது நீங்கதானே சார்?"

"யார் சொன்னா அப்டி? மீட்டர் பச்சையா இருக்கு, பாரு."

"அது நீங்க அடிச்ச பச்சை. சரி, இங்கயே ஒரு சேர் போட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க. நாங்க வேலை செய்றோம்."

முதலில் வெளியே நடந்தது ரஃபத் ஜஹான். பின்னாலேயே மற்றவர்களும் கம் பிரஷ்களைப் போட்டுவிட்டு நடந்தார்கள். புகழேந்தி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அந்த நேரத்தில் காஷிஃப் உள்ளே வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் மீட்டரிடம் போய் எண்களை அழுத்தினான். விளக்கு சிவப்பானது. சைரன் அலறிய அலறலில் பக்கத்து ஹாலில் இருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

முற்றத்து வெயிலில் நின்றபடி பெண்கள் ஒன்றைச் சொன்னார்கள்: ஃபேன் ஓடினால்தான் உள்ளே வருவோம். எரிந்த மோட்டாரைக் கழற்றி ஆம்பூரிலேயே கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றித் தரும் ஒரு கடைக்கு அனுப்பினார்கள். மறுநாளே ஃபேன் ஓடியது. இத்தனை வாரமாக வராத புது மோட்டாருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இந்தச் செய்திதான் அமிர்தவள்ளியை எல்லாவற்றையும்விட அதிகமாக எரித்தது.

அவளைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் பதவி போயிற்று. புகழேந்தி அதே நாற்காலியில் இருக்கிறார். காஷிஃபுக்கு மெமோ கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டு அவன் அனுப்பிய மெசேஜ்களுக்கு அவள் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறாள். தன் பெட்டிகளைக் கேப்டன்கூடத் தொடவிடுவதில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் ரஃபத் ஜஹான் கேட்டாள். "அதான் சரியாய்டுச்சே. அந்தப் பையனும் வந்து இறக்கி வுட்டானே. இன்னும் எதுக்குக் கோவம்?"

"வந்தான். நாம எல்லாரும் வெளிய வந்தப்புறம் வந்தான்" என்றாள் அமிர்தவள்ளி. "ஒரு நாள் வேலை, ரஃபத். ஒரே நாள் வேலை. அத செய்யாம, நம்ம மூக்கு பொய்யின்னு சொன்னாங்க. நானும் உங்கிட்ட அதையே சொன்னேன்."

பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.