பக்கத்து வீட்டுக்கு உருண்டு போன சிலிண்டர்

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் சிலிண்டர்கள் நடக்கத் தொடங்கிவிடும். சொர்க்கவாசல் கூட்டத்துக்காக ஸ்ரீரங்கத்தில் வீதிகளை மூங்கில் கட்டி அடைத்துவிடுவார்கள். கேஸ் வண்டி உள்ளே வராது. சொந்தக்காரர்கள் மட்டும் எந்தச் சந்தில் புகுந்தாவது வந்துவிடுவார்கள். துறையூரிலிருந்து வரும் என் நாத்தனார் குடும்பம் ஒன்றே போதும், ஒரு சிலிண்டரைக் காலி பண்ண. அதனால் யார் வீட்டில் தீர்ந்தாலும், யார் வீட்டில் நிறைந்தது இருக்கிறதோ அங்கிருந்து உருட்டிக்கொண்டு போவது வழக்கம். வண்டி வந்ததும் புதியது திரும்பி உருண்டு வரும். காபிப் பொடியைக் கடன் கொடுத்தால் வரும் என்பதற்கு உறுதி கிடையாது. சிலிண்டர் வந்துவிடும். தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு போன பொருளை யாரால் மறைக்க முடியும்?

என்னிடம் எப்போதும் ஒன்று நிறைந்திருக்கும். வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது வாங்கிய இரட்டை சிலிண்டர் இணைப்பு அது. அவர் காலமாகிவிட்டார். மகன் ஓசூரில். நான் ஒருத்தி வைக்கிற ரசத்துக்கு ஒரு சிலிண்டர் எப்போது தீரும் என்று அதற்கே தெரியாது.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவனுக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவள் ஜாக்கெட் தைப்பவள். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் அளவு ஜாக்கெட் அவளிடம்தான் இருக்கும். யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்று அவளிடம் கேட்டால் சொல்ல மாட்டாள். நானும் பல தடவை நயமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

அந்த மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் வந்து நின்றாள்.

"பெரியம்மா, கேஸ் தீந்துருச்சு. புக் பண்ணியாச்சு, வண்டி எப்ப வரும்னு தெரியல."

"எடுத்துட்டுப் போ. திருப்பிக் குடுக்கறப்ப கூட ஒரு ஜாக்கெட்டும் தச்சுக் குடு."

"உங்களுக்கு எதுக்கு பெரியம்மா புது ஜாக்கெட்டு, யாரு பாக்கப் போறாங்க?"

"சொர்க்கவாசல்ல பெருமாள் பாப்பாருல்ல."

சிரித்துக்கொண்டே உருட்டிப் போனாள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவன் மூடியைக் கழற்றி ரெகுலேட்டரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். சிலிண்டர் வாயில் உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், வாஷர் என்பார்கள். என் சிலிண்டரில் அது விரிசல் விட்டிருந்தது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்ததும் தீ அடுப்பில் நிற்காமல் சிலிண்டர் வாய்க்கே போய்விட்டது.

அவள் ஓடியிருக்கலாம். கொல்லைக் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் முன்னறையில் கயிறு கட்டி, பொங்கலுக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகளைத் தொங்கவிட்டிருந்தாள். தைத்தவை, காஜா போடாதவை, வெட்டின பட்டுத்துணி, எல்லாம் ஊரார் துணி. அவள் தீக்குள் வலது கையை விட்டு ரெகுலேட்டரைத் திருகி மூடினாள்.

சத்தம் கேட்டு நான் ஈரச் சாக்கோடு போனபோது சிலிண்டரில் தீ இல்லை. ஜன்னல் திரையும் மர அலமாரியும் எரிந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டுக்காரர் அதை அணைத்தார். அவள் கையை முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"பெரியம்மா, துணியெல்லாம் இருக்கான்னு பாருங்க" என்றாள்.

இருந்தது. ஒரு நூல்கூடக் கருகவில்லை.

திருச்சிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டுவோம் என்றார் டாக்டர். கை பிழைத்துவிடும், விரல் மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். கை அறுவைக்கென்றே தில்லைநகர்ப் பக்கம் ஒரு தனியார் டாக்டர் இருப்பதாக யாரோ சொல்லி, அவன் போய் விசாரித்துவிட்டு வந்தான். அங்கே ஆகும் செலவு அவன் பட்டறைச் சம்பளத்துக்கு எட்டாதது. ஊசி பிடிக்கிற கை அது. அந்த விரல்கள் மடங்கினால்தான் அந்த வீட்டில் தையல் மெஷின் ஓடும்.

ஓசூரிலிருந்து என் மகன் போனில் சொன்னான்.

"அம்மா, சிலிண்டர் விபத்துக்குன்னு இன்ஷூரன்ஸ் இருக்கு. கேஸ் கனெக்‌ஷன் இருக்குற எல்லாருக்கும் உண்டு."

"நாம கட்டவே இல்லையேடா. கட்டாததுக்கு எவன் குடுப்பான்?"

"நாம கட்ட வேணாம், கேஸ் கம்பெனிக்காரங்களே கட்டிருவாங்க. ஏஜென்சியில போய் எழுதிக் குடுக்கச் சொல்லு."

எனக்கு அதிசயமாக இருந்தது. இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் எனக்காக ஒருத்தர் பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

நானும் அவள் புருஷனும் ஏஜென்சிக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமைசாலி. அடுப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, ரப்பர் குழாய் எப்போது மாற்றியது, ரசீது இருக்கிறதா, வீட்டுக்கு வந்து சோதனை செய்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பட்டறையில் மெஷினோடு வேலை செய்கிறவன், எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தான். கேட்டதையெல்லாம் எடுத்து வைத்தான். அவர் முகமும் தெளிந்துகொண்டே வந்தது. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க புக்கிங் இன்னும் டெலிவரி ஆகலையே சார். அப்ப எரிஞ்சது எந்த சிலிண்டர்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன்.

அவர் பேனாவை மூடினார். "பொதுவாச் சொல்றேன், கேட்டுக்குங்க. கனெக்‌ஷன் எந்த விலாசத்துல பதிஞ்சிருக்கோ, அந்த வீட்டுல, அவங்களுக்கு வந்த சிலிண்டர்ல நடந்திருக்கணும். அப்படின்னா ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, உயிர் போனா உண்டு, வீட்டுச் சேதத்துக்கும் ஓரளவு உண்டு. அந்த நேரம் அந்த வீட்டுல இருந்த வேத்தாளுக்குக்கூட உண்டு."

"வேத்தாளுன்னா? பக்கத்து வீட்டுலேருந்து காபி குடிக்க வந்தவங்க?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, அவங்களும்தான்."

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அங்கேதான் அவன் சொன்னான்.

"பெரியம்மா, அவ உங்க வீட்டுக்கு வந்து காபி போட்டப்ப நடந்துச்சுன்னு சொல்லிரலாமா?"

"என் அடுப்படி சுவரு வெள்ளையா இருக்கேப்பா."

"மண்ணெண்ணெய்த் துணி வச்சு நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் சரியென்று சொல்லிவிட்டேன். பேரன்களிடம் தினமும் போனில் அளந்துவிடுகிற கதைகளுக்கு முன்னால் இந்த ஒரு பொய் பெரிசாகத் தெரியவில்லை. ஒரு விரல் மடங்கினாலும் நல்லதுதானே.

கதையில் மூன்று பேரும் ஒன்றாகச் சொல்ல வேண்டுமென்று மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் விவரத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் பெரியம்மா."

"ஏன்டி?"

"உங்க வீட்டுலன்னா உங்களத்தான் கேப்பாங்க. போலீஸ்லயும் எழுதணும். நாளைக்குப் பொய்னு தெரிஞ்சா உங்களத்தான் இழுப்பாங்க."

"என்னை இழுத்துட்டுப் போய் என்ன பண்ணுவான்? ரெண்டு நாள் சோறு போட்டுப் பாத்துட்டு அவனே கொண்டுவந்து விட்டுருவான்."

"வெளையாடாதீங்க." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "நான் கை வச்சது என் வீட்டுல. அந்தத் துணிக்கெல்லாம் தீ போகாம நிறுத்துனது என் அடுப்படியில. அதப் போய் உங்க வீட்டுல காபி குடிக்க வந்து சுட்டுக்கிட்டேன்னு ஆக்காதீங்க."

 நான் வாயடைத்து உட்கார்ந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அன்று அந்த வார்டே பார்த்தது.

ஏஜென்சியில் எழுதிக் கொடுத்திருந்தோம்; அவன் என் சுவரைக் கரியாக்குமுன்பே இன்ஷூரன்ஸிலிருந்து விசாரிக்க ஆள் வந்துவிட்டது. வந்தவர் ஒரு பெண், ஐம்பதைத் தாண்டியவர். ஸ்கூட்டரை நிறுத்தி, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். எரிந்த அடுப்படியில் சுவரைத் தொட்டுப் பார்த்தார், அலமாரியை, குழாயை, சிலிண்டரைப் படமெடுத்தார். அதன்பின் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சிலிண்டர் உங்களதாம்மா?"

"ஆமா."

"அங்க எப்படிப் போச்சு?"

"உருண்டு போச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவனைப் பார்க்காமல் உள்ளதைச் சொன்னேன். வண்டி வராதது, அவள் கேட்டது, நான் கொடுத்தது, அவள் கை வைத்தது, எதற்காக வைத்தாள் என்பது வரைக்கும். அவர் எழுதிக்கொண்டே வந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் போய்விட்டான்.

"எதுக்கு உண்டு, எதுக்குக் கெடையாதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லிட்டுப் போங்க" என்றேன். "நான் மூணாவதுக்கு மேல ஸ்கூல் போனதில்ல."

பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். "திடீர்னு நடக்குற விபத்துக்கு உண்டும்மா. பழசாகி இத்துப்போனதுக்கு இல்ல. தேதி போன குழாய்னா இல்ல. அவங்க குழாய் நல்லாத்தான் இருக்கு. ஆனா சிலிண்டர் வேற வீட்டுப் பேர்ல வந்தது. அங்கதான் நிக்குது. நான் பாத்தத எழுதுவேன், முடிவு சொல்றது மேல இருக்கறவங்க. எனக்கு நம்பிக்கை இல்ல, அதையும் மறைக்காம சொல்லிடறேன்."

"அந்த ஜாக்கெட்டெல்லாம் எரிஞ்சிருந்தா?"

"அதுக்கு எப்படியும் கெடையாது. தொழிலுக்கு வச்சிருந்த துணி, அதுவும் அடுத்தவங்களது. அதுக்கெல்லாம் தனியா பாலிசி எடுக்கணும்."

அப்படியென்றால் அவள் நினைத்தது சரிதான். அந்தத் துணிகளுக்கு அவள் கையைத் தவிர வேறு காப்பு எதுவும் இல்லை.

காபி கொடுத்தேன், வேண்டாமென்றார். தண்ணீர் மட்டும் குடித்தார்.

கிளம்பும்போது கேட்டேன். "நீங்க யாருக்கும் சிலிண்டர் குடுத்ததே இல்லையா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுது போன வாரந்தான் திரும்பி வந்துச்சு."

தை கழிந்து பதில் வந்தது. கொடுக்க இடமில்லை என்று எழுதியிருந்தது. தில்லைநகர் டாக்டர் பேச்சை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை. பெரியாஸ்பத்திரியிலேயே தோல் ஒட்டினார்கள், ஒட்டியது. ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தி அழுத்திப் பழகச் சொன்னார்கள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அழுத்துவாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் அப்படியே நின்றுவிட்டன. பொங்கல் துணிகளை அவரவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். காஜா போடாதவற்றை வேறு தையல்காரியிடம் கொடுத்துக்கொண்டார்கள். திரும்பவும் துணி கொண்டுவந்தவர்கள் குறைவு.

அவன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். என் வாசலில்தான் பைக்கை நிறுத்துவான், என் வாசலில்தான் உதைத்துக் கிளப்புவான். தலை மட்டும் திரும்பாது. நானும் இரண்டொரு தடவை, "பைக் சத்தம் என்னைக் கூப்புடற மாதிரியே இருக்கே" என்று சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை. அவன் கோபம் எனக்குப் புரிந்தது. ஒரு வாக்குக் கொடுத்தேன், அவனைக் கேட்காமலே மாற்றினேன். அவள் கேட்டதற்காக மாற்றினேன் என்று அவனிடம் சொன்னால் கோபம் அவள் பக்கம் போகும். அது என்னிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடியில் மறுபடியும் அவர்களுக்கு கேஸ் தீர்ந்தது. இந்தத் தடவை மூங்கில் அடைப்பு ஒன்றும் இல்லை, அவர்கள் மறந்துபோய்த் தாமதமாக புக் பண்ணியதுதான். காலையில் அவள் வாசலில் வந்து நின்றாள். சிலிண்டர் வேண்டுமென்று அவள் வாய் கேட்கவில்லை.

"அரிசியக் களைஞ்சு எடுத்துட்டு இங்கயே வா. இனிமே சிலிண்டர் எங்கயும் போகாது, ஆளுங்கதான் வரணும். இந்த வீட்டுல எது நடந்தாலும் உனக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. ஏஜென்சிக்காரரே சொல்லியிருக்காரு."

போனாள். திரும்பி வரும்போது பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் அவன் வந்தான். அடுப்படி வாசலில் நின்றான். அத்தனை மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"வாஷர் பாத்தீங்களா?"

"எனக்குக் கண்ணு தெரியாதுப்பா. நீயே பாத்துட்டுப் போ."

ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். ரெகுலேட்டரைச் சுற்றித் தடவினான், குழாய் நெடுகத் தடவினான். குமிழி வருகிறதா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வரவில்லை. துணியால் துடைத்துவிட்டு எழுந்தான்.

"நான் பத்த வைக்கட்டுமா?" என்று அவளைக் கேட்டேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அடுப்பை அவன்தான் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவான் என்று எனக்குத் தெரியும்.

முன்னால் வந்தாள். இடது கையில் லைட்டரை எடுத்தாள். வலது கையால் அடுப்புக் குமிழைப் பிடித்தாள். மடங்குகிற மூன்று விரலும் அதைச் சுற்றி மெதுவாக வளைந்தன, ஒருமுறை வழுக்கின, மறுபடியும் பிடித்தன. அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

குமிழ் திரும்பியது.

அரிசிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, "பெரியம்மா, உங்களுக்கும் சேத்துத்தான் களைஞ்சிருக்கேன்" என்றாள்.