துடக்கில்லாத பிள்ளை

நான் வேலை செய்யும் இடத்தில் பிறந்தநாளுக்கும் கேக், ஓய்வுபெற்றுப் போகிறவருக்கும் கேக். டென்மார்க் வந்த இத்தனை வருடத்தில் அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் போன மாதம் மோர்டன் கேக்கோடு வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மோர்டன், முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு வேலை செய்கிற டேனிஷ்காரப் பொடியன். அவனுடைய மனைவிக்குப் பிள்ளை இறந்து பிறந்தது. அதற்காக அவளுக்கு மட்டுமல்ல, அவனுக்கும் மாதக்கணக்கில் 'ஓர்லோவ்' கொடுத்தார்கள். இங்கே நீண்ட விடுமுறைக்கு அதுதான் சொல். அது முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் கேக்கை மேசையில் வைத்துவிட்டு, ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளை, கண் மூடியிருந்தது. பெயரும் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து, "எவ்வளவு அழகு" என்றார்கள். செத்த பிள்ளையின் படத்தைப் பார்த்துக்கொண்டே கேக் தின்கிறார்களே, இதென்ன சனமப்பா என்று முதலில் நினைத்தேன். பிறகு பொறாமை வந்தது. உள்ளதைச் சொன்னால் என்ன, வயிறு எரிந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் கிர்ஸ்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு பிள்ளை இப்படிப் போனது என்று என்னுடைய அரைகுறை டேனிஷில் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போரிலா?" என்றாள். இல்லை என்றேன். "ஆனால் போர்க்காலம்தானே?" ஓம், போர்க்காலம்தான். "ஐயோ, அந்தப் போர்" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். இவர்களுக்கு நாங்கள் தும்மினால்கூட அது போரில் வந்த தும்மல்தான். எத்தனை தரம் விளக்குவது? இலங்கையின் மேற்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊரான உடப்பில் குண்டு எதுவும் விழவில்லை. போர் எங்களுக்கு வீதியில் செக்பொயின்டாகவும், கடலில் தோணி இறக்கக் கடற்படையிடம் வாங்குகிற பாஸாகவும்தான் இருந்தது. என் மகள் ஒன்பதாம் மாதத்தில் வயிற்றுக்குள் அசையாமல் போனாள். பிடித்துத் திட்டக்கூட எனக்கு ஆள் இல்லை.

சிலாபம் ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். பிள்ளையை எனக்குக் காட்ட வேண்டாம் என்று தாதியைக் கெஞ்சிக் கேட்டது என் மாமியார். "மொகத்தப் பாத்தாண்டா மறக்கமாட்டா. பாக்காட்டிச் சரியாயிரும்" என்று அவர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இல்லை, காட்டுங்கள் என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. என் கணவர் பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, வான் பிடித்து ஊருக்குப் போய், அன்று பின்னேரமே புதைத்துவிட்டார். நான் அவளைக் கண்ணால் காணவே இல்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குத் துடக்கைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். துடக்கு என்றால் தீட்டு. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தாலும் துடக்கு, சாவு விழுந்தாலும் துடக்கு. துடக்கு வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகக்கூடாது, வலையில் கை வைக்கக்கூடாது. மூடப்பழக்கம் என்று படித்தவர்கள் பழிப்பார்கள். பழிக்கட்டும். என் கணவரைப் போலக் கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கிறவனுக்கு வேறு எந்த லீவு இருந்தது? துடக்கு என்றால் மட்டும்தான் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், வா என்று ஆள் அனுப்பமாட்டார். எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. என் மாமனாரின் அண்ணன் முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"மூச்சு விடாத புள்ளைக்கு ஏது துடக்கு? பொறந்ததுமில்ல, செத்ததுமில்ல. நாளைக்கு அவன் வலைக்குப் போகட்டும்."

போனார். மறுநாள் விடிய எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பாராமல் கடற்கரைக்குப் போய்விட்டார் என் புருஷன். நான் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தேன். மத்தியானம் கையில் மீனோடு வந்தார். "சாப்பிட்டியா?" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் பிறகு இரண்டு பிள்ளைகள் பெற்றேன், அவருடைய தம்பி கூப்பிட்டு இங்கே வந்தேன், இத்தனை வருடம் சமைத்தும் போட்டேன்.

மோர்டன் படம் காட்டிய அன்று பின்னேரம், சாப்பிடும்போது அவரிடம் அதைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, குத்தித்தான் சொன்னேன்.

"இங்க ஆம்பிளைகளும் லீவெடுத்து வீட்டுல இருந்து அழுறாங்க. சில ஆக்கள் மாதிரி அடுத்த நாளே கயிறு இழுக்க ஓடல்ல."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நான் இழுக்கல்ல" என்றார்.

"என்ன?"

"கயித்துல கை வைக்கவே விடல்ல அவங்க. நான் போய்ப் புடிச்ச ஒடனே பக்கத்துல நிண்டவன் கையத் தட்டி விட்டுட்டான். 'பெரியவர் என்னத்தையும் சொல்லட்டும், ஒனக்குத் துடக்குத்தான், போய் இரு' எண்டான். தோணி மறைவுல போயிருந்து அழுதன். என்ட இழுவையும் சேத்து அவங்கதான் இழுத்தாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு மாசம்."

"சம்மாட்டி ஒண்டும் சொல்லல்லயா?"

"காணாத மாதிரி அங்கால பாத்துக்கிட்டு நிப்பார். மீன் பங்கும் தந்தார்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல நீங்க?"

"நீ செவரப் பாத்துக்கிட்டுக் கெடந்த. நானும் அழுதா உன்னப் பாக்க ஆரு இருக்காங்க எண்டு நெனச்சன்."

பாவி மனுஷன்! ஊர் தராத துடக்கை வலைக்காரர்கள் சத்தமில்லாமல் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். தோணி மறைவில் அவர் அழுதிருக்கிறார், அறைக்குள் நான் அழுதிருக்கிறேன். நடுவில் கூப்பிடு தூரம்தான். ஒருநாள்கூடச் சேர்ந்து அழவில்லையே என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

மறுநாள் கிர்ஸ்டனிடம் லீவு கேட்டேன். சுகமில்லையா என்றாள். பிள்ளை இறந்ததற்கு என்றேன். அவள் பதறிப்போய், "எப்போது?" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றதும் சிறிது நேரம் என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியொரு லீவு அதற்குள் இல்லையாம். பிறகு, "மூன்று நாள் எடு. உன் வருட விடுமுறையில் போட்டுக்கொள்கிறேன்" என்றாள். நல்ல மனுஷி.

முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் திரைச்சீலைகளைக் கழற்றிக் கழுவினேன். அவர் ஏணி பிடித்தார். அடுத்த நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"ஆர மாதிரி இருந்தா?"

யார் என்று அவர் கேட்கவில்லை. "உன்ட நெத்தி" என்றார். "மூக்கு எங்கம்மாட மூக்கு. தல நெறய முடி. வான்ல மடியில வச்சிருந்தன். செக்பொயின்ட்டுல ஆமிக்காரன் துணிய வெலக்கிப் பாத்தான். பொறகு அவனே நல்லாச் சுத்தித் தந்தான்."

"எங்க வச்சீங்க?"

"கருவாடு காயப்போடுற எடத்துக்குப் போற வழியில, மண்மேட்டுல. தலமாட்டுல ஒரு தாழை நட்டன்."

எனக்கு அந்தத் தாழை தெரியும். கூடையோடு எத்தனையோ தரம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். சேலை முள்ளில் மாட்டினால் ஏசிக்கொண்டே இழுத்து எடுத்திருக்கிறேன். அன்று இருவரும் வாய்விட்டு அழுதோம். பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். ஒன்றுமில்லை, பிள்ளையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளை அனுப்பிவைத்தோம்.

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை மோர்டனும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது, லீவில் எங்கே போனாய் என்று கேட்டான்.

"ஊருக்கு" என்றேன்.

"இலங்கைக்கா? மூன்று நாளில் போய்வந்துவிட்டாயா?"

"போய்விட்டேன்" என்றேன். "திரும்பி வரத்தான் நாள் போதவில்லை."