உடைந்த அரக்கு முத்திரை

யுத்த காலம். அரசாங்க வீடமைப்பு அலுவலகமொன்றில் டெண்டர் உறைகளை வாங்கிப் பெட்டியில் போடும் கிளார்க் நான். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் தமிழ்.

அன்று முகத்துவாரத்துத் தொடர்மாடிக் கூரைகளைத் திருத்தும் டெண்டருக்குக் கடைசி நாள். கொட்டாஞ்சேனைத் தமிழ்க் கொந்தராத்துக்காரர் ஒருவர் நேரத்துக்கே வந்துவிட்டார். ஆனால் அவருடைய உறையின் அரக்கு முத்திரை உடைந்திருந்தது.

“செக்பொயின்ட்டில உடைச்சுப் பார்த்தவங்கள், தங்கச்சி. நான் என்ன செய்யிறது?”

முத்திரை உடைந்த உறையை வாங்கக்கூடாது என்பது விதி. மீறி வாங்கினால், தன் ஆளுக்குச் சலுகை காட்டிவிட்டாள் என்பார்கள். “ஏலாது ஐயா” என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவருக்குப் பின்னால் நின்றவர் நுகேகொடையிலிருந்து அதே டெண்டருக்கு வந்த சிங்களவர். அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: “என்ட உறையை செக்பொயின்ட்டில ஒருத்தரும் திறக்கேல்ல, மிஸ். இவர்ட உறையைத் திறந்தது இவர் இல்லையே. எங்களுக்கு முன்னால திரும்ப ஒட்டி வாங்குங்கோ.”

பக்கத்து மேசையிலிருந்த என் மேலதிகாரி சரியென்று தலையசைத்தார். நான் புது அரக்கை உருக்கி ஊற்றினேன்.

டெண்டர் யாருக்குக் கிடைத்தது என்பது நினைவில்லை. ஆனால் அன்று காலை வெள்ளவத்தை செக்பொயின்ட்டில் என் சோற்றுப் பார்சலையும் பிரித்துப் பார்த்திருந்தார்கள். அந்த நுகேகொடைக்காரர் சொன்ன வார்த்தையை முதலில் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.